ஊசியில் ஏறிய செம்பு

சாந்தோமில் நாங்கள் இருந்த ஒண்டுக்குடித்தன வீட்டில், அடுத்த பகுதிக்காரர் புத்தகம் பைண்டு செய்கிறவர். பசையைப் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார். அந்த நீலக் கட்டிகள் அவர் வேலை செய்யும் இடத்தில் ஜாடியில் இருக்கும். அவர் மனைவி உருது பேசும் அம்மாள். எலுமிச்சை ஊறுகாய் போட்டால் எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து வந்து சாப்பிட்ட என் கணவர், சற்று நேரத்தில் வாந்தி எடுக்கத் தொடங்கினார். நிற்கவே இல்லை. மாமியாரின் பார்வை எலுமிச்சைக் கிண்ணத்தின் மேல் போயிற்று.

"அவ வீட்ல நீலக்கல்லு கீது. என் கண்ணால பாத்தேன். இன்னாத்த கலந்தாளோ!"

"அவங்க ஏன் அத்தே அப்படிச் செய்யணும்?"

"நேத்து கெணத்தாண்ட எங்கிட்ட சண்டை போட்டாளே, மறந்துட்டியா?"

சண்டை நடந்தது உண்மைதான். எனக்கும் மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் தகப்பனார் கம்பவுண்டர். விஷம் குடித்தவர்களை வாந்தி எடுக்கவைக்க துத்தக் கரைசல் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அன்று என் கணவர் இன்னொரு ஊறுகாயும் சாப்பிட்டிருந்தார். மாமியார் மயிலாப்பூர்க் கடையில் வாங்கிவந்த மாங்காய். காடியில் எத்தனையோ நாள் ஊறியும் அப்போது பறித்த காய்போல அப்படியொரு பச்சை. பச்சை மங்காமலிருக்கச் சில கடைக்காரர்கள் துத்தம் சேர்ப்பார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்; அதனால் அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

துத்தம் கலந்த நீரில் இரும்பை வைத்தால் செம்பு படியும். தையல் ஊசிகள் இரண்டைத் துடைத்து, இரண்டு ஊறுகாயிலும் ஒவ்வொன்றைச் செருகிவைத்தேன். மாமியார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதோ தந்திரம் செய்வதுபோல.

எலுமிச்சையில் வைத்த ஊசி அப்படியே இருந்தது. மாங்காயில் வைத்தது சிவந்திருந்தது.

"துருவா இருக்கும்."

"துருன்னா துணியில வந்துடும், அத்தே." தேய்த்தேன். இன்னும் பளபளத்தது.

மாமியார் மாங்காய்ப் புட்டியை எடுத்துப்போய்க் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினார். சாயங்காலம் என் கணவர் எழுந்து கஞ்சி குடித்தார்.

நடுச்சுவர் மெல்லியது; இங்கே பேசுவது அங்கே கேட்கும். மறுநாள் நான் போனபோது அந்த அம்மாள் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன்.

"ஊசி சொன்னாத்தான் நம்புவீங்களா?" என்றார்.

திரும்பி வந்து, "நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தே" என்றேன்.

"நான் இன்னா, அவ காதுல விழணும்னா சொன்னேன்?" என்றார் மாமியார். கடைசிவரை போகவில்லை.