மைனஸ் ஐம்பதில் ஒரு வளைவு

இயற்பியலில் பிஎச்.டி. பண்ணுகிறவர்களுக்கு ஆராய்ச்சியைவிடக் கஷ்டமான வேலை, அது என்ன ஆராய்ச்சி என்று அடுத்தவருக்குச் சொல்வதுதான். இந்த அவஸ்தையைப் பட்டவர்கள் கை தூக்குங்கள். படாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். இரண்டாயிரங்களின் நடுவில், தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் நான் பட்டது இது.

கேட்டில் கிடைக்கும் சரக்கு

சேலையூரில் வாடகைக்கு இருந்தேன். என்னம்மா படிக்கிறே என்று வீட்டுக்கார அம்மா வாரம் ஒரு தரம் கேட்பார். இரும்பு ஆக்சைடு படிகத்தில் காந்தத்துக்கும் அணுக்களின் ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பு என்று நானும் வாரம் ஒரு தரம் சொல்வேன். முகத்தில் ஈயாடாது. ஒருநாள் பொறுமை போய், துருவில் இருக்கிற பொருள்தான் ஆன்ட்டி, அதே சுத்தமான படிகமாக லேபில் இருக்கிறது என்று போட்டு உடைத்தேன். வீடு கொடுத்தது தப்போ என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

"துருவைப் படிக்க அஞ்சு வருஷமா? நம்ம கேட்லயே நிறைய இருக்கு, சுரண்டி எடுத்துக்கோ. அப்படியே பெயின்ட்டும் அடிச்சுடும்மா."

கேம்ப் ரோடு பஸ்ஸில் வகுப்பு

பள்ளிக்கரணைப் பறவைகளை எண்ணி ஆராய்ச்சி செய்கிற ஸ்டெல்லா என் பஸ் சிநேகிதி. அவளுக்கு மட்டும் புரிய வைத்தே தீருவது என்று ஒரு காலை கிளம்பினேன். இந்த பஸ்தான் படிகம், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற நாமெல்லாம் அணுக்கள், நம் முகம் பார்க்கிற திசைதான் காந்தம் என்றேன். மைனஸ் பத்து டிகிரி பக்கத்தில் எல்லா முகமும் சேர்ந்து திசை மாறும், அப்போது ஆட்டம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் என் கேள்வி என்று கையை ஆட்டி விளக்கினேன். ஸ்டெல்லா கொட்டாவி விட்டாள். கண்டக்டர்தான் நின்று கேட்டார்.

"அணுவோ இன்னாவோ, படில நிக்காத. உள்ள போம்மா, பின்னாடி எடம் கீது."

கைடு சிரித்த நாள்

ஐந்தாவது வருடம். ஒரு கட்டுரையாவது வெளிவராமல் தீசிஸ் கொடுக்க முடியாது. என் கையில் ஒன்றும் இல்லை. அளக்கும் இயந்திரம் லேபுக்கு வந்ததே அந்த வருடம்தான்.

தினமும் காலையில் படிகத்தைத் திரவ நைட்ரஜனில் குளிர வைத்து, மெதுவாகச் சூடேற விடுவேன். லேசரை அடித்து அணுக்களின் ஆட்டத்தை இயந்திரம் தானே அளந்து கோடு போட்டுக்கொண்டு போகும். அந்தக் கோடு முதல் நாளே மைனஸ் ஐம்பதில் வளைந்தது. மறுநாளும் அதே இடம். பத்து நாளும் அதே இடம்! மைனஸ் பத்தில் வர வேண்டியது மைனஸ் ஐம்பதில் வந்தால் அது புதுக் கண்டுபிடிப்பு. நான்கு வருடமாகச் சிரிக்காத என் கைடு சிரித்தார். சனிக்கிழமைக்குள் கட்டுரையை அனுப்பிவிட வேண்டும் என்றார்.

"இனிமே உன்னைக் கையில பிடிக்க முடியாதும்மா."

முனுசாமி அண்ணன் லீவு

வியாழக்கிழமை, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் அளந்தேன். மைனஸ் ஐம்பதில் கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. லேசரைச் சந்தேகப்பட்டேன், நைட்ரஜனைச் சந்தேகப்பட்டேன், என் ஜாதகத்தையும் விடவில்லை. அன்றைக்கு வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: லேப் அட்டெண்டர் முனுசாமி அண்ணன் லீவு.

வெள்ளி காலை அவரைப் பிடித்துக் கேட்டேன். ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சரியாக ஒரு மணிக்கு, படிகம் மைனஸ் ஐம்பதைத் தொடும் நேரத்தில், நான் சாப்பிடப் போவேன். ஆளில்லாத அறைக்கு ஏசி எதற்கு என்று அவர் அணைத்துவிட்டு, நான் திரும்புவதற்குள் மறுபடி போட்டுவிடுவாராம். அறை சூடாகி இயந்திரத்தின் அளவு லேசாக நகர்ந்ததுதான் என் கண்டுபிடிப்பு.

கைடிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, வியாழக்கிழமைக் கோட்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மைனஸ் பத்தில் விரலை வைத்தார். அங்கே சின்னதாக, அடக்கமாக ஒரு வளைவு. இத்தனை நாள் ஏசியின் கூத்தில் மறைந்து கிடந்த நிஜமான வளைவு. ஏசியை அணைக்காமல் பத்து நாள் அளந்தோம், பத்து நாளும் அங்கேயே வந்தது. கட்டுரையும் வந்தது. தீசிஸில் நன்றி சொல்லும் பக்கத்தில் முனுசாமி அண்ணன் பெயரைப் போட்டுக் காட்டினேன்.

"நா ஏசிய அமுத்துனா ஒரு வளைவு, லீவு போட்டா ஒரு வளைவு. அப்போ டாக்டர் பட்டம் எனக்குத்தான் வந்திருக்கணும், பாப்பா."

காந்தம் அணுக்களின் ஆட்டத்தை எவ்வளவு மாற்றும் என்று இன்றைக்குக் கேட்டால் நோட்டைப் பார்த்துத்தான் சொல்வேன், ஏசி சுவிட்ச் எவ்வளவு மாற்றும் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.