நான் படிக்காமல் விட்ட இரண்டு வரி

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர் என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். ஸ்க்ரூடிரைவர் வேலை எனக்கு, சாஃப்ட்வேர் வேலை கூட்டாளி குமாருக்கு.

மாமல்லபுரத்தில் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில், விண்டோஸுக்குப் பதிலாகக் குமார் ஏற்கெனவே லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்த கம்ப்யூட்டருக்கு, திரைக்குப் படம் அனுப்பும் புது கிராஃபிக்ஸ் கார்டு மாட்டப் போனோம். மாட்டி ஆன் செய்ததும் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்து நின்றது. எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. டீ குடிக்கப் போயிருந்த குமாரைக் கூப்பிட்டுக் கேட்க வெட்கம். மானிட்டர் ஒயரைக் கார்டிலிருந்து பிடுங்கி, கம்ப்யூட்டரில் அது முன்பு இருந்த இடத்திலேயே சொருகினேன். படம் வந்துவிட்டது. ஆனால் குமார் வந்து பார்த்தபோது லினக்ஸில் புதுக் கார்டு தெரியவே இல்லை.

"கார்டு நல்லா கீதுங்க. குமாரு லினக்ஸ் போட்டதுதான் தப்பு" என்று எங்கள் கடை முதலாளிக்குப் போனில் சொன்னேன். அவர் குமாரை அழைத்து, "சரி பண்ணலன்னா நாளைக்கு வராத" என்றார்.

சாப்பிடாமல் மாலை வரை லினக்ஸை மூன்று முறை போட்டான் குமார். கடைசியில் மானிட்டர் ஒயரைக் கார்டில் சொருகிப் பார்த்தான். அதே இரண்டு வரி.

"கார்டுக்கு பவர் ஒயர் குடுக்கலன்னு எழுதிக்கீதே! காலைல இத்த பாத்தியா மச்சான்?"

"பாத்தேன். படிக்கத் தெரியல."

"அத்த சொல்றதுக்கு இன்னா? என் தலைய ஏன்டா உருட்டுன?"

பவர் ஒயரை மாட்டியதும் கார்டு தெரிந்தது. அவன் எதிரிலேயே முதலாளியிடம் போனில் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவன் வேலை தப்பியது.

இப்போதெல்லாம் திரையில் ஆங்கிலம் வந்தால், எத்தனை பேர் நின்றாலும், "எனக்குப் படிக்கத் தெரியாது, இன்னா போட்டுக்கீது?" என்று கேட்டுவிடுகிறேன். அன்று கேட்காமல் இருந்ததைவிட இது பெரிய வெட்கமாகத் தெரியவில்லை.