சத்தம் வைக்காமல் பார்த்த படம்

மலைமேல் ஜமுனாமரத்தூரில் நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. ஆன்லைனில் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். ஆனால் ஊரில் என் பெயர் பரவியது வேறொன்றுக்காக. இணையத்தில் கிடைக்கும் விசித்திரங்களைப் பொறுக்கியெடுத்து, தினமும் காலையில் வாட்ஸ்அப் குழுவில் ஒன்று போடுவேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், சதுரமாக விளைய வைத்த தர்பூசணி, இப்படி. பஸ்ஸில் பார்க்கிறவர்கள்கூட இன்றைக்கு என்ன அதிசயம் என்று கேட்பார்கள். கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. ஒருமுறை நான் போட்ட நிலாப் படம் பொய்யென்று காவலூர் வானாய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் விளக்கினார். அவர் சொன்னது சரிதான். இருந்தும் ஒரு வாரம் அவருக்கு நான் வணக்கம் வைக்கவில்லை. என் அறிவுத்தாகம் அந்த லட்சணத்தில் இருந்தது.

என் கடைக்கு ஓர் அக்கா வருவார். மலைக்குள்ளே ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூடச் சத்துணவு சமையலுக்கு உதவியாள். பத்தாவது முடித்துவிட்டால் மேல் வேலைக்கு மனு போடலாம் என்று தனியாகப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் பெயிலானது பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்பது அவர் கவலை. அதனால் ஒவ்வொரு முறையும் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்பார். நானும் சொன்னதில்லை. மூன்றாவது முறையும் கணக்கில் போனபோது மார்க் தாளை அச்செடுத்துக் கொடுத்தவன் நான்தான். அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து ஒரு வீடியோ கண்ணில் பட்டது. ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, புளியமரக் கிளையை அண்ணாந்து பார்த்து கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். நடுவில் முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள். மேலே இந்தியில் என்னவோ எழுதி, சிரிக்கிற பொம்மைகள் போட்டிருந்தது. கடையில் கூட்டம். சத்தம் வைக்காமலேதான் பார்த்தேன். 'வடக்கே ஒரு கிராமத்தில், மரத்தோடு பேசும் பெண்' என்று எழுதிப் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்துக்குள் குழுவே சிரித்தது. எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மதியம் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர், "இன்னா சார் வடக்கன்னு போட்டுட்டீங்க, அது எங்கூரு மரம்" என்றார். அவர்தான் விவரம் சொன்னார். அந்த ஊரில் டவர் கிடைப்பது அந்தப் புளியமரத்தின் ஒரே ஒரு கிளையில்தான். அதில் துணிப்பை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். போனை அதற்குள் போட்டு, ஸ்பீக்கரை வைத்து, கத்திப் பேச வேண்டும். ஒருவர் மரத்தடிக்குப் போனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விடுவார்கள். அதனால் எவ்வளவு கத்தினாலும் பேச்சு வெளியே போகாது. சுற்றிப் பார்க்க பைக்கில் வந்த எவனோ தூர நின்று எடுத்திருக்கிறான். அவனுக்கு அந்த மரியாதை தெரியாது.

அவர் போனதும் சத்தம் வைத்துக் கேட்டேன். அந்த அக்காவின் குரல். கேரளாவில் மிளகு பறிக்கப் போயிருக்கும் வீட்டுக்காரரிடம் பேசுகிறார். "கணக்குல இந்த தபாவும் போச்சு. புள்ளைங்களுக்குத் தெரிஞ்சா மானம் பூடும்."

உடனே அழித்தேன். என் போனில்தான் அழிந்தது. இரண்டே நாளில், அக்கா சோற்று வாளியைத் தூக்கி வரும்போது பிள்ளைகள் "கணக்குல போச்சு" என்று ராகம் போட்டுக் கத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்று என் மேல் எனக்கு வந்த அருவருப்பைச் சொல்லி மாளாது. அதைவிட அசிங்கம் ஒன்று உண்டு. படத்தை அனுப்பியது நான்தான் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்காது என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டு சும்மா இருந்தேன்.

அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் வந்தது. அக்கா வரவில்லை. விண்ணப்பத்தை நானே நிரப்பி எடுத்துக்கொண்டு வண்டியில் போனேன். எட்டு வருஷம் மலையில் கடை வைத்திருந்தும் அந்த ஊருக்கு அன்றுதான் முதல் தடவை போகிறேன். மரத்தடியில் நாலைந்து பெண்களோடு அக்கா புளி உடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். தப்பு பண்ணிட்டேங்கா என்றேன். சத்தம் வைக்கவே இல்லை, நீங்கள் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை என்று சத்தியம் செய்தேன். அது என் பக்க நியாயம் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

அக்கா என்னையே பார்த்தார். "நான் அழுவுறது தெரிஞ்சிதுல்ல சார்? எதுக்கு அழுவுறான்னுகூட கேக்கத் தோணலையா உங்களுக்கு?"

விண்ணப்பத்தை நீட்டினேன். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். அவர் கையில் புளி ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை, தாளை வாங்கவும் இல்லை.

அப்போது கிளையில் தொங்கிய பைக்குள் அக்காவின் போன் அடித்தது. கேரளாவிலிருந்து வீட்டுக்காரர்தான் என்று ஒரு பெண் சொன்னாள். மற்றவர்கள் புளிக்கூடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கிணற்றுப் பக்கம் போனார்கள். நானும் அவர்கள் பின்னாலேயே போய், தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றேன். எவ்வளவு கத்திப் பேசினாலும் காதில் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று இருந்தேன்.

அக்கா கத்தவில்லை. என்னவோ என்று திரும்பிப் பார்த்தேன். போனைப் பையிலிருந்து வெளியே எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டு முணுமுணுவென்று பேசினார். கிளையை விட்டு இறக்கியதும் டவர் போய்விட்டது. "ஹலோ... ஹலோ..." என்பது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுபடி அந்தப் பையில் அவர் போனைப் போடவில்லை.