உள்பக்கமாகப் பெருக்கிய கடை

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். என் கொழுந்தன் கிளாரியும் அப்படித்தான் சிரித்தான். இப்போது என் வாசல்படி ஏறக்கூட மாட்டேன் என்கிறான்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் தங்கம் தீர்ந்துபோன ஊர் எங்களுடையது. தகரக் கூரை போட்ட இந்தப் பழைய கடைக் கட்டடத்தை என் கணவர் லென் மலிவாக வாங்கினார். மறு வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் ரோவீனா தூரத்துக் கடற்கரை நகரத்தில் இருந்தாள். "அந்தப் புழுதிக் காட்டுக்கு நான் வர மாட்டேம்மா" என்பாள். ஒரு நாள்கூட வந்ததில்லை. பேச்சுத் துணைக்குக் கடிகாரம் மட்டும்தான்.

ஒரு நாள் நான் வீட்டைப் பெருக்கிக் குப்பையைத் தெருவில் தள்ளுவதைக் கிளாரி பார்த்துவிட்டான்.

"அய்யய்யோ அண்ணி! தங்கத்தையெல்லாம் தெருவுல தள்றீங்களே!"

"ஆமா, இங்க கொட்டிக் கிடக்கு பாரு!"

"அந்தக் காலத்துல சுரங்கக்காரங்க இங்கதான் பொன்தூளை எடை போட்டாங்க. சிந்தினது வீணாகக் கூடாதுன்னு கடைக்காரி மிஸ் ஓப்பி உள்பக்கமாதான் பெருக்குவா. குப்பையை அலசிப் பொன் எடுப்பா. ஊரே காலியான பிறகும் தனியா பெருக்கிட்டே இருந்தாளாம். 'உள்ள வந்தது வெளிய போகக் கூடாது'ன்னு சொல்லிக்கிட்டே."

"அப்புறம்?"

"ஆளைக் காணோம். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு."

அவன் போனதும், விளையாட்டாக, உள்பக்கமாகப் பெருக்கினேன். தனிமை என்னென்னவோ செய்ய வைக்கிறது. "என் ரோவீனாவும் உள்ளே வரட்டும். வந்தால் போகக் கூடாது" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மறுநாள் செம்புழுதிக் காற்று. பகலே இருட்டிவிட்டது. மாலை நாலேகால். கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தேன்.

சரக்... சரக்...

துடைப்பம் ஆணியில்தான் தொங்கியது.

சத்தம் வாசலிலிருந்து வந்தது. தரைக்கு மேலே இல்லை. தரைப் பலகைக்கு அடியில்...

சரக்...

என் கட்டிலுக்குக் கீழே வந்து நின்றது.

தரையில் உதிர்ந்த என் நரைமுடி ஒன்று அசைந்தது. பலகை இடுக்கில் மெல்ல இறங்கியது.

இன்னொன்று...



காலையில் கிளாரியைக் கூப்பிட்டுப் பலகையைப் பெயர்க்கச் சொன்னேன். தங்க ஆசையில் பெயர்த்தான். கீழே ஒரு சாண் இடைவெளி. பூனையால்கூட நிமிர முடியாது. செம்மண்ணில் புதுசாகத் துடைப்பக் கோடுகள். எல்லாம் என் கட்டிலை நோக்கி.

அங்கே இரண்டு குவியல். ஒன்று என் நரைமுடி. இன்னொன்று நீளமான செம்பட்டை முடி. பிறந்தநாளுக்கு ரோவீனாவுக்கு நான் அனுப்பிய நீலக் கொண்டை ஊசியோடு.

கிளாரி கையிலிருந்த பலகையைக் கீழே போட்டான்.

"சொல்ல மறந்துட்டேன் அண்ணி... ரோவீனா என் வீட்டுக்குப் போன் பண்ணினா. நேத்து நாலேகாலுக்குத் திடீர்னு தோணுச்சாம். இனிமே உங்ககூடவே இருக்கப் போறாளாம்."

எத்தனை நாள் ஏங்கிய செய்தி! வராதே என்று சொல்ல அவன் வீட்டுப் போனுக்கு ஓடினேன். அதற்குள் அவள் ரயிலேறிவிட்டாள்.

வந்தவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. பையைக் கீழே வைத்தாள். துடைப்பத்தை எடுத்தாள். வாசலிலிருந்து உள்பக்கமாகப் பெருக்க ஆரம்பித்தாள்.

அதைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை.

மூன்று வருடமாகிறது. அவள் படி இறங்கவில்லை. வாய் திறக்கவும் இல்லை. பேச்சுத் துணைக்கு இன்றும் கடிகாரம் மட்டும்தான்.