எண்ணெய்த் தடத்தில் ஒரு விசைப்பலகை

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் அம்மா மன்றாட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த டேப்லெட் உறைந்துபோனது. நோயாளிகளுக்கான வேண்டுதலில் பாதி வாக்கியம்தான் வந்திருந்தது. மீதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா இருமினார், தட்டிப் பார்த்தார், பிறகு எதையோ மனத்திலிருந்து சொல்லி முடித்தார். எல்லோரும் தலைகுனிந்திருக்க, எனக்கு மட்டும் உள்ளே ஒரு துள்ளல். அதில் லினக்ஸ் போட்டால் என்ன?

என் கைத்தொலைபேசியில் ஏற்கெனவே அதுதான் ஓடுகிறது. தயாரித்தவர்களே கைவிட்ட கருவிகளுக்கு, எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் ஆசைக்காக எழுதிப் பொதுவில் வைக்கும் இயங்குதளம். யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். வீடு திரும்பும் வழி முழுக்க அம்மாவிடம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

"அடுத்த ஞாயிறும் நான்தான் வாசிக்கணும். ரோசாக் ஆக்கிடாத, இருக்குறதையும் கெடுத்துடாத," என்றார் அம்மா.

"ரோசாக்லாம் ஆகாதும்மா. பறக்கும் பாருங்க."

சனிக்கிழமை காலையில் பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். உண்மையாகவே பறந்தது. வைஃபை, வெளிச்சம், பேட்டரி, எல்லாம் சரி. துடைக்கும் முன் தனியே சேமித்து வைத்திருந்த போன வார மன்றாட்டைத் திறந்தேன். தமிழ் எழுத்துகள் அம்மாவின் கண்ணுக்கு ஏற்ற அளவில் பெரிதாக, அழகாக வந்தன. பெருமையோடு சமையலறைக்குக் கொண்டுபோனேன். அம்மா உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் பொரித்துக்கொண்டிருந்தார். கையை ஒப்புக்குத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"எழுதுற இடத்துல தமிழ் எங்கடி?"

விசைப்பலகையில் தமிழே இல்லை. நான் எழுதிப் பார்க்காமல் இல்லை. 'சாப்டாச்சா' என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்தேன். நானும் என் சிநேகிதிகளும் தமிழை அப்படித்தான் எழுதுகிறோம். அதனால் தமிழ் எழுத்து இல்லாதது என் கண்ணில் படவே இல்லை.

"நீங்க சொல்லுங்கம்மா, நான் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுத் தரேன்."

"ஆண்டவர்கிட்டயும் அப்படித்தான் பேசணுமா? யாருக்கு உடம்பு சரியில்லன்னு கடைசி நிமிஷம்வரைக்கும் ஆள் வந்து சொல்லும். நானே மாத்தி எழுதணும்."

சிம்பாங் அம்பாட் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த அண்ணன் ஒரு கறிபாப்பை எடுத்துக்கொண்டு நாற்காலியை இழுத்தான். "நல்லா ஓடிக்கிட்டு இருந்த சாமான், லா. இப்ப கோழி நறுக்குற பலகையா வச்சுக்கலாம்."

"அது எங்கண்ணே ஓடுச்சு? கோவில்லயே படுத்துக்கிச்சே."

வாய் அடித்துக்கொண்டே இணையத்தைத் திறந்தேன். தேடிப் பார்த்ததில் நல்ல செய்தி: இந்த விசைப்பலகையின் அமைப்பு வெறும் எழுத்துக் கோப்பு. எந்த வரிசையில் எந்த எழுத்து என்று நாமே எழுதி வைத்துவிடலாம். எந்த வரிசை என்பதுதான் கேள்வி.

"பழசுல 'ஆ' எங்கம்மா இருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? கை போகும், நான் எழுதுவேன்."

கை போகும்! டேப்லெட்டின் திரையை அணைத்து அவர் முன்னால் வைத்தேன். "ஆண்டவரேன்னு அடிங்க."

"செத்துக் கிடக்கிற கண்ணாடியிலயா? லூசாடி நீ?"

ஆனாலும் அடித்தார். கட்டைவிரல் யோசிக்கவே இல்லை. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். கறுப்புக் கண்ணாடியில் கறிபாப் எண்ணெய் வட்ட வட்டமாகப் பளபளத்தது. அந்தந்த எழுத்தின் இடம்!

அதன்பிறகு ஒரு சொல், ஒரு பார்வை, ஒரு துடைப்பு. எண்ணெய் காய்ந்தபோது அண்ணன் தட்டை நீட்டினான். "தொட்டுக்குங்கம்மா, மை தீர்ந்துபோச்சு." அம்மா சிரித்ததில் ஒரு தடம் இழுபட்டு, அந்தச் சொல்லை மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. 'ள'வும் 'ழ'வும் ஒரே இடத்தில் விழுந்தன. கேட்டதற்கு, "பக்கத்துல பக்கத்துல வை, அதுங்க சண்டை போடாது," என்றார்.

மாலைத் தேநீருக்கு முன்னால் புதிய விசைப்பலகை திரையில் எழுந்தது. கால், கொம்பு முதலான உயிர்க்குறிகள் புள்ளி வட்டங்களோடு நின்றன. "என்னடி, கொசுவர்த்தியா ஒட்டி வச்சிருக்க?" என்றபடியே போன வாரம் நின்றுபோன வாக்கியத்தை முதலிலிருந்து அடித்தார். 'நோயுற்றோர்' வந்தபோது விரல் தயங்கியது. 'ற'வை ஒரு வரிசை கீழே வைத்திருந்தேன். மாற்றிக் கொடுத்தேன். இந்த முறை நிற்காமல் முற்றுப்புள்ளிவரை போனார்.

"ம்," என்றார். எங்கள் வீட்டில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

ஞாயிறன்று நான் ஜெபிக்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம் வரவில்லை. நோயாளிகளுக்கான வேண்டுதல் முழுதாக வந்தது. அதன் பின்னால் என்னிடம் காட்டாமல் சேர்த்த ஒன்றும் வந்தது: பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குப் பொறுமை தரும்படி. அண்ணன் முழங்கையால் இடித்தான்.

இந்தக் கோப்பை அந்த இயங்குதளத்தை எழுதுகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அதைப் போடுகிற யாருக்கும் தமிழ் தானாக வந்துவிடும். ஆனால் இது ஒரே ஒரு கட்டைவிரலின் பலகை. வரும் சனிக்கிழமை தாசேக் கெலுகோரிலிருந்து சித்தி வருகிறார். அவருடைய பழைய தொலைபேசியும் திணறுகிறதாம். சித்திக்கு இடக்கைப் பழக்கம். கறிபாப்புக்கு உருளைக்கிழங்கு வாங்கி வைத்துவிட்டேன்.