சுவரில் கதவு வேண்டாம் என்றவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கக் கிளம்பினேன். கேட்டருகே வாட்ச்மேன் என்னை நிறுத்தினார். "சார், நர்சம்மா போய்ட்டாங்க. தூக்கத்துலயே." நம் ஏரிக்கரை நகரில் நர்சம்மா என்றால் ஒருவர்தான்: லூர்து மேரி. திருப்பத்தூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, இங்கே முதலில் குடிவந்தவர்களில் ஒருவர்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் இது சோளக்கொல்லை. மலையிலிருந்து ஓடை வந்து நிரப்பும் ஏரியின் கரையில் மனை பிரித்து விற்றார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, பூப்பந்து மைதானம், பிள்ளைகளுக்கு ஊஞ்சல், கேரம் ஆட ஒரு மன்றம், ஏரியில் இரண்டு படகுகள் என்று ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் ஏரிக்கரையையும் உள்ளடக்கிச் சுற்றுச்சுவர், இரும்பு கேட். விளம்பரப் பலகையில் 'உங்களுக்கே சொந்தமான ஏரி' என்று எழுதியிருந்தார்கள். நர்சம்மா அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்னா சார் இது? மலையில பேயற மழையையும் இவங்களே ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்களா?"

மழை பொய்த்த ஒரு கோடையில் பக்கத்து ஊர்க் கிணறுகள் வற்றின. ஏரியின் ஆழத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. குடத்தோடு வந்த பெண்களைக் கேட்டில் மறித்தார்கள். குடியிருப்பவர்களும் அவர்களுடைய விருந்தினர்களும் மட்டுமே ஏரிக்குப் போகலாம் என்றார் சங்கத் தலைவர். நர்சம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

"இவங்கெல்லாம் என் வூட்டு விருந்தாளிங்க. உள்ள வாங்கம்மா."

"இத்தினி பேருமா?"

"எங்க வூட்ல கல்யாணம்னு நெனச்சிக்குங்க."

மறுநாளே, வீட்டுக்கு இரண்டு விருந்தினர் என்று விதியை மாற்றினார்கள். நர்சம்மா வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். என் மனைவி இரண்டு பேரை அழைத்தாள். எதிர்வீட்டு டீச்சரம்மா இரண்டு பேரை. ஓவர்சியர் வீட்டில் முகத்திலடித்தாற்போல் மறுத்துவிட்டார்கள்.

கோபத்தில் சங்கம் நர்சம்மா வீட்டுக் குழாயை அடைத்தது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் உடனே திறப்பதாகத் தலைவர் சொல்லி அனுப்பினார். "எனக்கு எழுதத் தெரியாதுன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்கு நடந்தார். கரையேறி வரும்போது அவருடைய முழங்கால் வீங்கியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்குது. அதுக்காக?" என்றார்.

என் மனைவி மறுநாள் எங்கள் வீட்டுக் குழாயைத் திறக்கவில்லை. குடத்தோடு அவருக்குப் பின்னால் போனாள். டீச்சரம்மாவும் போனார். பிறகு, யாரும் கூப்பிடாமலே, ஓவர்சியரின் மனைவியும் போனார். தங்கள் வீட்டுப் பெண்களே வரிசையில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் சங்கம் இறங்கி வந்தது. ஏரிப் பக்கத்துச் சுவரில் ஒரு கதவு வைக்கலாம், சாவி வாட்ச்மேனிடம் இருக்கட்டும் என்றார்கள்.

"கதவு வேணாங்க. கதவு வச்சா பூட்டத் தோணும். வழியா வுட்டுடுங்க" என்றார் நர்சம்மா.

மாட்டு வண்டி நுழையும் அகலத்துக்குச் சுவரை இடித்தார்கள். அவர் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வந்தது.

திங்கட்கிழமை கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுத் திரும்பும்போதே ஒருவர் மெல்லப் பேச்செடுத்தார்: நர்சம்மாவும் இல்லை, பாதுகாப்பு கருதி சுவரில் விட்ட அந்த வழியை இனி அடைத்துவிடலாமே என்று. அவருக்கும் அவரோடு தலையாட்டியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நர்சம்மாவின் பொறுமையோ சாதுரியமோ எனக்கு வாய்க்கவில்லை. பிடிவாதம் மட்டும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. செங்கல்லை இறக்கிப் பாருங்கள்.