தம்பி படம் எடுத்த மூலை

பூங்காவில் எங்களோடு பெருக்குகிறவர்களில், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவளைப் போலச் சுத்தக்காரி கிடையாது. மற்றவர்கள் பெருக்கிய இடத்தை மறுபடி பெருக்குவாள். "நாங்க பெருக்குனா குப்பை போகாதா?" என்று எத்தனையோ முறை சண்டைக்குப் போயிருக்கிறேன். "போகும். போன மாதிரி தெரியாது" என்பாள். வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லை.

தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தன் தம்பியை வளர்த்தவள் அவள்தான். அவன் ஒரு நிலைக்கு வரட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் பெண் கேட்டு வர ஆளே இல்லாமல் போனது. அவனோ ஒரு துரும்பைக் கிள்ளிப் போடமாட்டான். போனும் கையுமாகக் கட்டிலில் கிடப்பான். அந்தப் போனிலேயே ஒருநாள் வேலை வந்தது. நடக்கத் தெரிந்தால் போதும், அனுபவம் வேண்டாம் என்று விளம்பரமாம். முதலாளியின் முகத்தை அவன் பார்த்ததில்லை.

"வரைபடம் போடுற கம்பெனி, அக்கா. சந்து பொந்தெல்லாம் படம் எடுத்து அனுப்பணும்" என்றான்.

அக்கா நம்பினாள். எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாள். "நம்ம மூஞ்சியையும் வரைபடத்துல போடச் சொல்லுக்கா" என்று நான்கூடக் கிண்டல் செய்தேன்.

ஒருநாள் காலையில் அவன் எங்கள் பூங்காவுக்கே வந்தான். எங்களைக் கவனிக்கவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால், உடைந்த சுவர் மூலையில் குனிந்து என்னவோ செய்தான், படம் எடுத்தான், போய்விட்டான். கூப்பிட்டால் வேலை கெடுமே என்று அக்கா கூப்பிடவில்லை. ஆனால் அவள் முகம் வாடிவிட்டது. அந்த மூலையில் நாங்கள் யாரும் கைவைப்பதில்லை; பாசி, சேறு, காலி பாட்டில்.

"என் தம்பி எடுக்கிற படத்துல என் பூங்கா இப்படியா இருக்கணும்? மறுபடி வந்து எடுத்தா நல்லா வரட்டும்" என்று வாளியும் பிரஷுமாக உட்கார்ந்துவிட்டாள். செங்கல் இடுக்கில் செருகியிருந்த, கறுப்பு டேப் சுற்றிய பொட்டலத்தையும் மற்ற குப்பையோடு அள்ளினாள். வண்டியைத் தள்ளிப் போய்க் கொட்டியது நான்தான்.

அது போதை மாத்திரை என்பது பிறகுதான் தெரிந்தது. போனில் ஒரு குழு. வாங்குகிறவன் பணம் கட்டினால் படமும் இடமும் அவனுக்குப் போகும். அவனே வந்து எடுத்துக்கொள்வான். விற்கிறவனும் வாங்குகிறவனும் பார்த்துக்கொள்ள வேண்டியதே இல்லை. நடுவில் ஒளித்து வைக்கிறவன் அக்காவின் தம்பி. பொட்டலத்தைக் காணோம் என்று வாங்க வந்தவன் குழுவில் கத்த, இவன்தான் திருடிவிட்டான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஆள் அனுப்பி, வலது கை விரல்களை உடைத்து, அதை வீடியோ பிடித்து, மற்றவர்களுக்குப் பாடமாகக் குழுவில் போட்டார்கள். அது ஊரெல்லாம் சுற்றி எங்கள் மேஸ்திரியின் போனுக்கே வந்தது. கீழே சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருந்தார்கள், பாவிகள்.

அக்கா பார்த்தாள். அதில் அவன் அழுதுகொண்டே சொன்னது ஒன்றுதான்: "குழாய்க்குப் பின்னாடி, சுவத்து இடுக்குலதான் வெச்சேன்! சத்தியமா அங்கதான் வெச்சேன்!"

"அந்தப் பொட்டலம்" என்றாள் என்னிடம். ஊரில் இத்தனை குப்பை இருக்க, அந்த மூலையை ஏன் தேய்க்கப் போனாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

போலீசுக்குப் போனால் அவனும்தானே உள்ளே போவான்? வீட்டிலேயே கிடக்கிறான். விரல்கள் மடங்குவதில்லை. போன வாரம் நான் பார்க்கப் போனபோது அக்கா அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"செஞ்சது தப்புதான்க்கா. ஆனா நான் திருடலை. ஒருத்தனும் நம்பமாட்டேங்கிறான். நீயாவது நம்புறியா?"

"நம்புறேன்டா."

"எப்படிக்கா இவ்வளவு உறுதியா சொல்ற?"

"உன்னை வளத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள்.

அடிபட்ட நாளிலிருந்து அன்றுதான் அவன் முகம் தெளிந்தது. எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.